ஆதிரை மீனின் இயல்பும் நிறமும்

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பெருவழியில் பூவிருந்தவல்லி, திருமழிசை, திருப்பெரும்புதூர் என்னும் மூன்று ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதலாவது திருக்கச்சி நம்பிகள் தோன்றிய ஊர். இரண்டாவது திருமழிசையாழ்வாரின் ஊர். மூன்றாவது 1017இல் இராமானுசர் பிறந்த ஊர். இம்மூவர்க்கும் உரிய பிறந்தநாள்களாக வைணவ மரபு போற்றுவன முறையே மாசி மிருகசீரிடம், தை மகம், சித்திரைத் திருவாதிரை என்பன. இவ்வழிக்கு வடபால் பாடியில் உள்ள திருவலிதாயம், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட வடதிருமுல்லைவாயில், திருவேற்காடு ஆகிய பாடல் பெற்ற சிவத்தலங்கள் உள்ளன. இருப்புப்பாதை வழியே இன்னும் மேற்கே சென்றால், திருவள்ளூரைக் கடந்து, கூத்தப்பெருமானின் இரத்தினசபை எனப்படும் திருவாலங்காட்டை அடையலாம். இத்தலங்களிலெல்லாம் மார்கழித் திருவாதிரை பெருநாளாகும். ஆகவே இச்சிறு நிலப்பகுதியில் ஒரே நாண்மீன் சைவர்க்கு மார்கழியிலும் வைணவர்க்குச் சித்திரையிலும் விழாவாக வருகின்றது.

விழாவை அறிந்தோர் பலர்; விழாவுக்குப் பெயர் தந்த மீனை வானத்தில் சுட்டிக் காட்ட வல்லார் சிலர். பொதுமக்கள் மட்டுமல்லர், பழந்தமிழ்ப் பாட்டுக்கு உரை காண்போரும் 'ஆதிரை என்பது ஒரு நட்சத்திரம்' என்று எழுதி அமைந்துவிடுகின்றனர். ஆயின் ஆதிரை என்னும் சொல் மூன்று பொருள்களைக் குறிக்கும். வானத்தில் ஒளிரும் ஒரு மீன் ஒன்று. திங்கள் செல்லும் வழியை இருபத்தேழாகப் பகுத்ததில் ஆறாம் கூறு ஒன்று. அக்கூற்றில் திங்கள் நிற்கும் நாள் மற்றொன்று. மீன் வேறு, கூறு வேறு, நாள் வேறு. இவற்றைப் பிரித்தறியாமையால் விளையும் இடர்ப்பாடு சிறிதன்று. மேலும், ஆதிரை மீனின் நிறம் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே தன்மையதாய் இருந்ததா என்னும் ஐயத்தை வானியலார் அண்மையில் எழுப்பியுள்ளனர். அவ்வையம் புறநானூற்றுச் செய்யுள் ஒன்றன் பொருளைத் தீண்டுவதால், தமிழாராய்ச்சியாளர் அம்மீனின் இயல்பினை அறிந்துகொள்ளுதல் வேண்டும் என்று கருதுகிறோம்.

முதற்கண் மீனைக் காண்போம். ஓரியன் என்று மேலைநாட்டார் வழங்கும் வேடன் உருவத்தில், ஒரே நேர்கோட்டில் நிற்கும் மூன்று மீன்கள் இடைக்கச்சையாகத் தோன்றும். அக்கச்சைக்கு வடகிழக்கே, வேடனின் தோளில், செம்மஞ்சள் ஒளியோடு தனித்து விளங்குவதே ஆதிரை. பெட்டல்கியூசு என்பது அதன் ஐரோப்பியப் பெயர். வான நடுவரைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகை 24 கலையில் அது நிற்கின்றது; பூவிருந்தவல்லி 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. எனவே அங்கிருந்து நோக்குவார்க்கு அது தலைக்கு நேர் மேலிருந்து ஆறு பாகையே தெற்கே சரிந்து செல்லும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில், அஃதாவது மார்கழித் தொடக்கத்தில், நள்ளிரவில் உச்சிக்கு வரும். அதனால்தான் மார்கழியில் ஆதிரை முழுமதியை ஒட்டி வருகின்றது. சித்திரையிலோ ஞாயிறு மேடத்தில் நிற்பதால், ஆதிரையில் நிற்கும் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாளை ஒட்டிய பிறையாகவே இருக்கும். மாலைக்குப் பின் சிறிது நேரம் மேல்வானில் நின்று மறையும். இராமானுசரின் பிறந்தநாள் வளர்பிறை ஐந்தாம் நாளோடு சேர்த்துச் சொல்லப்படுதற்கு இதுவே காரணம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் விளக்கொளியிலும் ஆவடித் தெருக்களின் புகையிலும் மிருகசீரிடத்துச் சிறு மீன் மூன்றும் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆதிரையோ அங்கும் தப்பாது தெரியும். நாண்மீன்களை மாணவர்க்குக் கற்பிக்க விழைவோர் இம்மீனிலிருந்து தொடங்குதல் நலம்.

இனி, கூறு. வான்வழியாகிய 360 பாகையை இருபத்தேழால் வகுத்தால் ஒவ்வொரு கூறும் 13 பாகை 20 கலை ஆகும். அசுவினி முதலாக எண்ணி வரின் ஆதிரைக் கூறு 66 பாகை 40 கலையில் தொடங்கி 80 பாகையில் முடியும். இப்போது இந்திய அரசின் பஞ்சாங்கம் கைக்கொள்ளும் அயனாம்சப்படி கணக்கிட்டால் ஆதிரை மீனின் நெடுவரை ஏறத்தாழ 64 பாகை 54 கலை. அஃதாவது, ஆதிரை மீன் ஆதிரைக் கூற்றில் இல்லை. இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைய மேற்கே, மிருகசீரிடக் கூற்றில் நிற்கின்றது! திருப்பெரும்புதூர்ப் பெரியாரின் மீன் பூவிருந்தவல்லிப் பெரியாரின் கூற்றுக்குள் இருக்கின்றது என்று வேடிக்கையாகவும் சொல்லலாம். பஞ்சாங்கம் 'இன்று ஆதிரை' என்னும்போது திங்கள் அம்மீனைக் கடந்து சென்றிருக்கும். ஆதிரை மீன் ஞாயிறு செல்லும் வழிக்கு 16 பாகை தெற்கே ஒதுங்கியிருப்பதால், அத்திங்கள் மீனுக்கு வடகிழக்கே பத்துப் பாகைக்கும் மேற்பட்ட தொலைவில் தோன்றும். இரண்டும் ஒன்றையொன்று தொடும் என்று எதிர்பார்த்து விழா இரவில் வானத்தை நோக்குவார் ஏமாற்றம் அடைவர்.

அவ்வாறாயின் ஆதிரை என்று முன்னோர் கருதியது இம்மீனைத்தானா என்னும் வினா எழும். இவ்வினா புதியதன்று. சூரிய சித்தாந்தம் ஆதிரையின் முதன்மை மீனுக்குக் கூறும் தென்சாய்வு 9 பாகை. பெட்டல்கியூசின் சாய்வோ 16 பாகை. ஏழு பாகை வேறுபாடு கண்ணளவையின் பிழையாகாது. 1860இல் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட பர்கெசு இம்முரணை விரிவாகவே ஆய்ந்தார். ஆயினும் எண் ஒன்று ஏட்டில் பிறழ்தல் எளிது. பெயர் பிறழ்தல் அத்துணை எளிதன்று. பெயர்களோ ஒருமுகமாக இம்மீனையே சுட்டுகின்றன.

தைத்திரீய பிராமணம் ஆதிரைக்குக் 'கை' என்று பொருள்படும் 'பாகு' என்னும் பெயரை வழங்குகின்றது. அரபியர் இதனை 'யத் அல்-சௌசா', அஃதாவது சௌசா என்னும் உருவத்தின் கை, என்றனர். அரபு எழுத்தில் யகரத்துக்குக் கீழே இரண்டு புள்ளி, பகரத்துக்கு ஒன்று. ஏட்டில் ஒரு புள்ளி குன்றியமையால் இலத்தீனில் பெயர்த்தோர் யகரத்தைப் பகரமாகப் படித்தனர், 'பெட்டல்கியூசு' பிறந்தது. புள்ளியிடாத ஓலைகளில் எகர ஏகாரங்களோடு போராடும் நமக்கு இத்தகைய பிழை புதுமையாகத் தோன்றாது. தமிழ் நிகண்டு மரபும் ஆதிரைக்கு மூதிரை, யாழ் முதலியவற்றோடு 'செங்கை' என்றொரு பெயரைத் தருகின்றது. வடமொழியிலும் அரபிலும் தமிழிலும் கையே பெயராக வருவது தற்செயலாக நேர்ந்ததென்று கொள்ள நம் மனம் ஒருப்படவில்லை. கை என்னும் உறுப்புப் பெயர், வேடனாகவோ மானாகவோ கண்ட ஒரு பேருருவத்தின் தோள்மீனுக்கே பொருந்தும். தமிழ் மட்டும் அதனோடு 'செம்மை'யைச் சேர்த்திருக்கின்றது. அச்சேர்க்கை எக்காலத்தது என்பதற்குப் பின்னர் வருவோம்.

இம்மீனின் இயற்கை வியத்தற்குரியது. விண்மீன்கள் எல்லாம் ஞாயிறு போன்றவை என்று சொல்வது பொது வகையால் உண்மை; ஆனால் ஆதிரையின் முன்னே ஞாயிறு ஒரு சிறு மணி. அதன் ஆரம் ஞாயிற்றின் ஆரத்தைப் போல் ஏறத்தாழ 750 மடங்கு என்பது அண்மைக் கணிப்பு. இதனினும் மிகையாகச் சொல்லும் கணிப்புகளும் உண்டு. ஞாயிறு இருக்கும் இடத்தில் ஆதிரையை வைத்தால் புதன், வெள்ளி, நிலவுலகு, செவ்வாய் ஆகிய நான்கன் சுற்றுவழிகளும் அதன் உடலுக்குள் அடங்கிவிடும். இத்துணைப் பெரிய பரப்பில் பரவியுள்ள பொருளோ ஞாயிற்றினும் பதினைந்து முதல் இருபது மடங்கே மிகும். பருமை நாற்பது கோடி மடங்கு, நிறை இருபது மடங்கு எனின், அதன் உடல் எத்துணை ஐதாக இருத்தல் வேண்டும்! சராசரியாகக் கணக்கிட்டால், நாம் உயிர்க்கும் காற்றைவிடப் பல்லாயிர மடங்கு ஐதானது அது. நடுவே செறிந்த கரு உண்டு. அதைச் சூழ்ந்த புறவுடலோ வெம்மையால் ஒளிரும் வெற்றிடத்தை ஒத்தது.

அப்புறவுடலின் வெப்பநிலை ஏறத்தாழ 3,600 கெல்வின். ஞாயிற்றின் மேற்பரப்புக்கு 5,770. உலைக்களத்து இரும்பு முதலில் சிவந்து, மேலும் காய்ந்தபின் வெளுப்பதைக் கொல்லன் அறிவான். விண்மீனுக்கும் விதி அதுவே. குளிர்ந்தது சிவக்கும், மிகக் காய்ந்தது நீலம் பாயும். குளிர்ந்த மீன் ஒவ்வோர் அடிப்பரப்பிலிருந்தும் குறைந்த ஒளியே வீசும். ஆயினும் பரப்பு மிகப் பெரிதாகலின் மொத்த ஒளி ஞாயிற்றைப் போல் பல பதினாயிர மடங்காகின்றது. ஆகவே செந்நிறமும் பேரொளியும் ஒருங்கே உடைய மீன் பேருருவம் உடையதாகவே இருத்தல் வேண்டும் என்பது கணக்கினால் பெறப்படும். இவ்வகையினதை மீப்பெருஞ் செம்மீன் என்று வழங்கலாம். உரோகிணியின் முதன்மை மீனும் சிவந்ததே. ஆனால் அதன் ஆரம் ஞாயிற்றைப் போல் 44 மடங்கு அளவினது, தொலைவு 65 ஒளியாண்டு. அது பெருமீன், ஆதிரை மீப்பெருமீன். வானத்தில் அண்டை வீட்டார் போல் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் ஒன்றற்கொன்று மிகச் சேய்மையில் உள்ளவை.

பெருமீன் எது, சிறுமீன் எது என்று நிறமாலை கொண்டே பிரித்தறியும் நெறியொன்றில் நம் நாட்டவர் ஒருவர்க்குப் பங்கு உண்டு. குளிர்ந்த மீன்களின் நிறமாலையில் கால்சியத்தின் கருங்கோட்டு நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று எழும். அதன் அகலம் மீனின் உண்மை ஒளியோடு ஒத்து வளர்கின்றது என்று வில்சனும் வைணு பாப்புவும் 1957இல் வெளியிட்டனர். அவ்விளைவு இருவர் பெயராலும் வழங்குகின்றது. பாப்பு பின்னர் வாணியம்பாடிக்கு அருகே சவ்வாது மலைச் சாரலில் காவலூர் வான்காணகத்தை அமைத்தார். அங்குள்ள 234 செண்டிமீட்டர்த் தொலைநோக்கி 1986 முதல் அவர் பெயர் தாங்கியுள்ளது.

ஆதிரையின் அளவை முதன்முதல் அளந்தவர்கள் மைக்கல்சனும் பீசும் ஆவர். கலிபோர்னியாவின் வில்சன் மலையில் 1920 டிசம்பரில், நூறங்குலத் தொலைநோக்கியின் மேல் இருபதடி நீளமுள்ள விட்டமொன்றில் ஆடிகளைப் பொருத்தி, மீனின் வட்டு 0.047 விகலை அகலமுடையது என்று கண்டனர். ஞாயிற்றுக்கு அடுத்தபடியாக வட்டின் அகலம் அளக்கப்பட்ட முதல் விண்மீன் ஆதிரையே. ஒரு பாகையில் 3,600 விகலை உண்டென்பதை நினைவு கூர்ந்தால் அவ்வளவையின் நுண்மை விளங்கும்.

இவ்வளவு அறிந்தும் அதன் தொலைவைத் திட்டமாகச் சொல்ல இயலவில்லை. காரணம் அதன் பருமையே. நிலவுலகு ஞாயிற்றைச் சுற்றுவதால் அணித்தேயுள்ள மீன்கள் ஆண்டுதோறும் சிறிது அசைவதாகத் தோன்றும்; அவ்வசைவிலிருந்து தொலைவு கணிப்பர். ஆதிரையின் அசைவு அதன் வட்டின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கு அளவினது. வட்டின் மேலே பெருங்கொதிப்புகள் எழுந்து அடங்குவதால் ஒளியின் நடுவிடம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அசைந்தது மீனா, அதன் மேலுள்ள ஒளித்திட்டா என்று பிரித்தல் அரிது. அதனால் 1997இல் 430 ஒளியாண்டு என்றும், 2017இல் 720 என்றும், 2020இல் 550ஐ ஒட்டியும் கணிப்புகள் வந்தன. அறுநூறு என்று நடுவாகக் கொண்டால், இன்று நம் கண்ணில் படும் ஒளி விசயநகரப் பேரரசின் காலத்தில் புறப்பட்டதாகும்.

ஆதிரையின் ஒளி நிலையானதன்று என்று சான் எர்செல் 1836இல் கண்டு 1840இல் வெளியிட்டார். ஏறத்தாழ 400 நாள் கொண்ட ஒரு வட்டமும், 2,100 நாள் அளவினதாகிய மற்றொரு வட்டமும் அதன் ஏற்றத்தாழ்வில் உள்ளன. ஒளியை அளக்கும் முறையில் எண் சிறுக ஒளி பெருகும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு வேறுபாடு. இவ்விகிதத்தை 1856இல் வகுத்த போக்சன்தான் 1861 முதல் 1891 வரை சென்னை நுங்கம்பாக்கத்து வான்காணகத்தின் தலைவராக இருந்தார். ஆதிரை வழக்கமாக 0.5 அளவில் நிற்கும். 2019ஆம் ஆண்டின் இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கியது. வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. 2020 சனவரி 10இல் வந்த ஆதிரைத் திருநாளில், கூத்தப்பெருமான் திருமுன் கூடியோர் தலைக்குமேல் அம்மீன் ஒளி குன்றியே நின்றது. அது வெடிக்கப் போகின்றது என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆராய்ந்ததில், மீனின் தென்பாதியில் ஒரு பகுதி குளிர்ந்ததும், மீன் முன்னரே உமிழ்ந்த வளி அக்குளிர்ச்சியில் தூசாக உறைந்து திரையிட்டதும் காரணம் என்று 2021இல் வெளியிட்டனர். வெடித்தல் அதற்கு ஊழ் வகுத்த முடிவே. ஆயின் அது நூறாயிரம் ஆண்டுக்கணக்கில் எண்ணத் தக்கது. 2025இல் அவாயித் தீவிலுள்ள செமினி தொலைநோக்கி கொண்டு அதன் அருகே ஒரு சிறு துணைமீனைக் கண்டதாகவும் அறிவித்துள்ளனர். 2,100 நாள் வட்டத்துக்கு அதுவே காரணமாகலாம் என்பர்.

இவை நிற்க. நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது நிறம். செர்மனி நாட்டின் இயேனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நொய்ஹொய்சரும் அவர் குழுவினரும் 2022இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கி.மு. 100ஐ ஒட்டி வாழ்ந்த சீன வரலாற்றாசிரியர் சிமா சியென், வெள்ளிக்கோளின் நிறங்களை விளக்கப் போந்தவர், சிவப்புக்குக் கேட்டை மீனையும், மஞ்சளுக்கு ஆதிரை மீனையும் எடுத்துக்காட்டாக நிறுத்துகின்றார். உரோமானியராகிய ஐகைனசு ஆதிரையைச் சனியோடு ஒப்பிடுகின்றார். இன்று ஆதிரையின் நிறம் கேட்டையின் நிறத்தோடு ஏறக்குறைய ஒத்தது. எனவே இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஆதிரை மஞ்சளாக இருந்து, பின்னர் உடல் விரிந்து குளிர்ந்து சிவந்தது என்பது அவர்கள் முடிபு. ஞாயிற்றினும் பதினான்கு மடங்கு நிறையுடைய ஒரு மீன் அத்தகைய மாறுதலைச் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே அடையக் கூடும் என்று அவர்கள் கணித்துக் காட்டினர்.

இம்முடிபு கவர்ச்சியுடையது, ஆயினும் நூற்சான்றைப் பெரிதும் சார்ந்து நிற்பது. கி.பி. 150ஐ ஒட்டித் தாலமி தம் விண்மீன் அட்டவணையில் ஆதிரைக்குச் சொன்ன நிறச்சொல், உரோகிணிக்கும் கேட்டைக்கும் அவர் சொன்ன அதே சொல். அச்சொல்லையே அவர் வெண்மீனாகிய சிரியசுக்கும் இட்டிருப்பதால், அதனை எத்துணை நம்புவது என்பதும் ஒரு கேள்வி. இந்நிலையில் தமிழ்ச்சான்று ஏதேனும் உளதா என்று நோக்குதல் நம் கடமையாகின்றது.

ஆதிரை என்பது 'ஆர்த்ரா' என்னும் வடசொல்லின் வழிவந்தது. ஈரமுடையது என்பது அதன் பொருள். ஆனித் தொடக்கத்தில் ஞாயிறு இம்மீனுக்கு நேர்படும். வடநாட்டில் மழை தொடங்கும் காலம் அது. ஆகவே பெயரில் நிறம் இல்லை. பரிபாடலின் பதினோராம் பாட்டு நாண்மீன்களைக் குறிப்பாற் சொல்லுமிடத்தில் ஆதிரையைச் 'சடை' என்று வழங்குகின்றது. அப்பாட்டே மார்கழி ஆதிரையில் அந்தணர் விழாத் தொடங்குவதையும் சொல்கின்றது. சடை சிவந்தது, சடையுடையான் செம்மேனியன். ஆதலால் மீனும் சிவந்ததென்று கண்டு அப்பெயரிட்டனர் என்று வாதிடுவார் உளராகலாம். அவ்வாதம் நில்லாது. உருத்திரன் இந்நாளுக்குத் தெய்வம் என்பது தைத்திரீய சங்கிதையிலேயே உள்ளது. தெய்வத்தின் சடையை நாளுக்கு ஏற்றியதல்லது மீனின் நிறத்தைக் கண்டு சொன்னதாகக் கொள்ள வேண்டுவதில்லை. அன்றியும், அப்பாட்டிலுள்ள கோள்நிலையைக் கணித்த சுவாமிக்கண்ணுப் பிள்ளை அதனைக் கி.பி. 634 என்றார். பலர் அதனை ஏற்கவில்லை எனினும், காலம் உறுதிப்படாத சான்று நிறமாற்றத்தைக் காலவரையறை செய்ய உதவாது. 'செங்கை' மீனின் நிறத்தையே சொல்வதாக எமக்குத் தோன்றுகின்றது. ஆனால் அது நிகண்டுச் சொல். நிகண்டுகளோ சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவை. அவை எழுந்த காலத்தில் ஆதிரை சிவந்திருந்தது என்று மட்டும் அதனால் சொல்லலாம். அது நொய்ஹொய்சரின் கொள்கைக்கு மாறுமன்று.

எஞ்சியது புறநானூற்று அறுபதாம் பாட்டு. உறையூர் மருத்துவன் தாமோதரனார் சோழன் பெருந்திருமாவளவனைப் பாடியது அது. கடல் நடுவே திமிலில் எரியும் விளக்கைப் போல வானில் செம்மீன் இமைக்க, உச்சியில் நின்ற உவாமதியைக் கண்டு, அதனைச் சோழனது வெண்குடையாக எண்ணித் தாமும் விறலியும் தொழுததைப் புலவர் கூறுகின்றார். செம்மீன் என்னும் சொல் செவ்வாய்க்கும் அருந்ததிக்கும் ஆதிரைக்கும் பொதுவாக வழங்கும். இங்கே செவ்வாய் எனக் கொள்வாரும் உளர். கோள் இமைக்காது, மீனே இமைக்கும் என்று எதிருரைக்கலாம். ஆனால் 'இமைத்தல்' பழந்தமிழில் மணிக்கும் வேலுக்கும் வழங்கும் சொல்லாகலின், அவ்வொன்றைக் கொண்டு செவ்வாயை விலக்க இயலாது.

வானநிலை சிறிது துணை செய்கின்றது. முழுமதி சோழநாட்டில் தலைக்கு நேராக வருவது குளிர்காலத்திலேயே; வேனிலில் அது தெற்கே சாய்ந்து செல்லும். குளிர்கால நள்ளிரவில் கேட்டை அடிவானத்துக்குக் கீழே இருக்கும். ஆகவே அதனை விலக்கலாம். அந்நேரத்தில் உயரே நிற்கும் செம்மீன்கள் உரோகிணியும் ஆதிரையுமே. முழுநிலவு சிறு மீன்களை மறைத்துவிட, இவை போல்வன சிலவே எஞ்சும். அகன்ற கடலில் ஒரு திமில் விளக்கு என்னும் உவமை அதனால் சிறக்கின்றது. பதினெட்டு நூற்றாண்டுக்கு முன் உரோகிணி 11 பாகை வடக்கே நின்றது என்று கணக்கிடலாம். உறையூரின் அகலாங்கும் 11 பாகையை ஒட்டியதே. எனவே அக்காலத்தில் உரோகிணி உறையூரார் தலைக்கு நேர் மேலே சென்றது. ஆதிரையோ ஐந்து பாகையளவில் நின்றமையால் ஆறு பாகை தெற்கே ஒதுங்கிச் சென்றது.

இரண்டும் ஒருங்கே தோன்றும் வானத்தில் புலவர் ஒரு மீனைச் 'செம்மீன்' என்றாராயின், மற்றது அக்காலத்தில் செம்மீனாகத் தோன்றவில்லை என்று கொள்ள இடமுண்டு. உரோகிணி சிவந்தும் ஆதிரை மஞ்சளாயும் இருந்ததென்னும் கொள்கைக்கு இப்பாட்டு அழகியதொரு சான்றாகிவிடும்! ஆயின் இலக்கணம் நம்மைத் தடுக்கின்றது. மீன் என்பது பால்பகா அஃறிணைப் பெயர். ஒன்றையும் பலவற்றையும் அது குறிக்கும். 'இமைக்கும்' என்னும் வினையும் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. புலவர் கண்டது ஒரு செம்மீனா, இரண்டா என்பதைச் சொல் காட்டவில்லை. சுடர் என்னும் உவமைச் சொல்லும் காட்டவில்லை. ஆகவே இப்பாட்டைக் கொண்டு ஆதிரையின் பழைய நிறத்தை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. செம்மீன் என்பதற்கு ஆதிரை என்று மட்டும் உரை வரைவது, மீனின் இன்றைய நிறத்தை அன்றைக்கு ஏற்றுவதாகும். உரோகிணியையும் அதனோடு வைத்து, இரண்டும் சேர்ந்த பன்மைப் பொருளையும் குறிப்பில் காட்டுவதே இப்போதைக்குப் பொருந்திய உரையாகும்.